டிசெபிலிட்டி வழக்குக்கு வக்கீல் கட்டணம்: நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு அனுபவ விமர்சனம்

என் கணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி டிசெபிலிட்டி பணம், அதாவது நோயால் வேலை பார்க்க முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் பணம், வாங்க நாங்கள் ஃபெடரல் கோர்ட் வரை போனோம். அந்த வழக்கை நடத்திய வக்கீல் அலுவலகத்தைப் பற்றியும், முக்கியமாக அவர்கள் வாங்கிய கட்டணத்தைப் பற்றியும் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. சொல்லப் போவதில் பாதி எந்த ஊர் வக்கீலுக்கும் பொருந்தும், ஏனென்றால் இந்தக் கட்டணத்துக்கு வரம்பு போட்டிருப்பது சட்டம்.

முதலில் மதிப்பெண். வழக்கு நடத்திய விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. கட்டணத்துக்கு நாலரை. போனை எடுப்பதற்கும் திருப்பித் தர வேண்டிய பணத்தைச் சொல்லாமலே தருவதற்கும் இரண்டரை.

எங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய். 2021 ஜனவரியோடு வேலையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கையெழுத்து கோணிக்கொண்டு போகும், மத்தியானத்துக்கு மேல் பேச்சு குழறும், சில நாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியாது. நான் ஒரு பல் கிளினிக்கில் பில்லிங், கணக்கு வேலை பார்க்கிறவள். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் இந்த வழக்கில் வந்த ஒவ்வொரு காகிதத்தையும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் போட்டோம், மறுத்தார்கள். மறுபரிசீலனை கேட்டோம், அதையும் மறுத்தார்கள். ஏஎல்ஜே என்று சொல்லும் நிர்வாக நீதிபதி முன்னால் ஹியரிங் நடந்தது, அங்கேயும் இல்லை என்றார்கள். அதற்கு மேல் முறையீட்டைப் பார்க்கும் சோஷியல் செக்யூரிட்டியின் அப்பீல்ஸ் கவுன்சில் எங்கள் மனுவை எடுத்துப் பார்க்கவே மறுத்துவிட்டது. அந்தக் கடிதம் 2023 தொடக்கத்தில் வந்தது. அது வரை எங்களுக்காகப் பேசியது நிறைய விளம்பரம் செய்கிற ஒரு பெரிய டிசெபிலிட்டி வழக்குக் கம்பெனி. கவுன்சில் கடிதம் வந்ததும், "நாங்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை" என்று ஒரு வரி எழுதி விலகிக்கொண்டார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு கெடு இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 60 நாளைக்குள் ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். தபாலுக்கென்று 5 நாள் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பம் போட்டால் பழைய வருடங்களின் பணம் போய்விடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, காப்பீட்டுத் தகுதியே காலாவதி ஆகிவிடுவது. முப்பத்தோரு வயதுக்கு மேற்பட்டவர் என்றால் பொதுவாகக் கடைசிப் பத்து வருடத்தில் ஐந்து வருடமாவது சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டி வேலை பார்த்திருக்க வேண்டும். வேலையை நிறுத்தினவருக்கு அந்த ஐந்து வருடக் கணக்கு நாளாக ஆகக் கரைந்துகொண்டே வரும்.

அப்போது ஊரிலிருந்து என் அண்ணன் போனில் சொன்னது, "வக்கீல்கிட்ட போனா வர்ற பணத்துல பாதி அவங்களுக்குத்தாம்மா போகும், பார்த்துக்கோ." இங்கே எங்கள் தெருவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பேசினாலும் இதே பயம்தான். ஒரு நண்பர், மணிக்கு நானூறு ஐந்நூறு டாலர் மீட்டர் ஓடும், வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும் என்றே சொன்னார். இரண்டுமே தப்பு. இந்த வகை வழக்கில் கோர்ட்டில் தோற்றால் வக்கீலுக்கு ஒரு பைசா கிடையாது. ஜெயித்தாலும், கோர்ட்டில் செய்த வேலைக்கு நிலுவைத் தொகையில், அதாவது கடந்த மாதங்களுக்காகச் சேர்ந்து வரும் பணத்தில், நூற்றுக்கு 25க்கு மேல் கொடுக்கும்படி நீதிபதியே உத்தரவு போட முடியாது. 1965இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த வரம்பைக் கொண்டுவந்ததே, அதற்கு முன்னால் சில வக்கீல்கள் நோயாளிகளின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று எடுத்துக்கொண்டிருந்ததால்தான். வரம்பை மீறி வாங்குவது கிரிமினல் குற்றம். ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. அண்ணன் பயந்த மாதிரி முன்னொரு காலத்தில் நடந்ததுதான். இப்போது நடக்கக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

நியூஜெர்சியில் டிசெபிலிட்டி வக்கீல் என்று போர்டு போட்டிருப்பவர்கள் நிறைய. ஃபெடரல் கோர்ட்டில் நின்று வாதாடுபவர்கள் குறைவு. போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்களே கோர்ட் பிரீஃப், அதாவது எழுத்து வாதம், எழுதுவீர்களா?" என்பதுதான். நாங்கள் போன அலுவலகத்தில் வக்கீல் அம்மா தானே எழுதுவேன் என்றார். கவுன்சில் கடிதத்தையும் ஏஎல்ஜே தீர்ப்பையும் அனுப்பச் சொன்னார். ஃபைலைப் படித்துப் பார்த்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றார். பார்க்காமலே "கட்டாயம் ஜெயிப்போம்" என்றிருந்தால் நான் அங்கேயே நின்றிருக்க மாட்டேன்.

அவர் அனுப்பிய ஒப்பந்தம் மூன்று பக்கம். கட்டணம் பற்றி இதுவரை யாரும் எங்களுக்குப் புரியும்படி சொல்லாததையெல்லாம் அந்த மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டுதான் புரிந்துகொண்டேன்.

இந்த வழக்குகளில் வக்கீலுக்குப் பணம் மூன்று வழியில் வரும். ஒன்று, சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குள்ளேயே, அதாவது ஏஎல்ஜே முன்னால் செய்த வேலைக்கு. இதை அந்த அலுவலகமே அனுமதிக்கிறது. சாதாரண ஒப்பந்தம் என்றால் 25 சதவீதம் அல்லது ஓர் உச்சவரம்பு, எது குறைவோ அது. அந்த உச்சவரம்பு நெடுநாளாக 6,000 டாலரில் நின்றது. 2022 நவம்பரில் 7,200 ஆனது. 2024 நவம்பர் 30இல் 9,200 ஆனது. இரண்டாவது, கோர்ட்டில் செய்த வேலைக்கு. இதை ஃபெடரல் நீதிபதி அனுமதிக்க வேண்டும். சட்டத்தில் 406 பி என்று அந்தப் பிரிவைச் சொல்கிறார்கள். இதற்கு டாலர் உச்சவரம்பு இல்லை, 25 சதவீதம்தான் வரம்பு. இந்த இரண்டும் நம் நிலுவைத் தொகையிலிருந்து போகிற பணம்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. அரசாங்கம் தன் பையிலிருந்து கொடுக்கிற பணம். ஈஜா என்று வக்கீல்கள் சொல்வார்கள், 1980இல் வந்த சட்டம். அரசாங்கத்தை எதிர்த்துச் சாதாரணக் குடிமகன் வழக்குப் போட்டு ஜெயித்து, அரசாங்கத்தின் நிலைப்பாட்டுக்குத் தகுந்த நியாயம் இல்லை என்று ஆனால், அவருடைய வக்கீல் செலவை அரசாங்கமே தர வேண்டும். சொத்து மதிப்பு 20 லட்சம் டாலருக்குள் இருந்தால் போதும், நம்மில் பெரும்பாலானவர்கள் அதற்குள்தான் வருவோம். மணிக்கு 125 டாலர் என்று 1996இல் திருத்தி வைத்தார்கள். விலைவாசிக்கு ஏற்றபடி கோர்ட் கூட்டிக் கொடுக்கிறது. எங்கள் வழக்கில் மணிக்குச் சுமார் 240 டாலர் என்று கணக்குப் போட்டார்கள்.

கோர்ட் வேலைக்கு ஈஜா பணமும் வந்து, 406 பி பணமும் வந்தால், வக்கீல் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டில் சிறியதை நோயாளியிடம் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இது வக்கீலின் பெருந்தன்மை இல்லை, சட்டம். உறவுக்காரர், நண்பர் யார் டிசெபிலிட்டி வழக்கைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஈஜா பணம் எவ்வளவு வந்தது, அது எப்போது என் கைக்கு வரும் என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் செய்யும் வேலைக்கும் கோர்ட் வேலைக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் நிலுவையில் 25 சதவீதத்தைத் தாண்டாது என்று போட்டிருந்தது. அது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்காது. 2019இல் கல்பர்ட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 25 சதவீத வரம்பு கோர்ட் வேலைக்கு மட்டும்தான், அலுவலக வேலைக்கான கட்டணத்தை அதோடு கூட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அப்படியென்றால் ஒரு வக்கீல் கோர்ட் வேலைக்கு 25, ஹியரிங் வேலைக்குத் தனியாக என்று இரண்டும் கேட்கலாம். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி பிடித்து வைப்பது 25 சதவீதம் மட்டும்தான். மீதிக்கு வக்கீல் நம்மிடம் நேரடியாக வர வேண்டியிருக்கும். "மொத்தத்தில் 25" என்ற வரி இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்னால் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காகிதமும் இந்த அம்மா எங்களை வாங்கிவரச் சொன்னார். விலகிப் போன பழைய கம்பெனி, தங்களுக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் பணம் வரும் நேரத்தில் அவர்களும் பங்கு கேட்டு மனுப் போடலாம், அதனால் எல்லாம் தாமதமாகும். அந்தக் கடிதத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வழக்குப் போட்டதைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கோர்ட் ஃபைலிங் கட்டணம் அப்போது 402 டாலர், இப்போது 405. வருமானம் குறைந்தவர்கள் அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடலாம். என் சம்பளம் வருவதால் நாங்கள் கட்டினோம். ஜெயித்த பிறகு ஈஜா மனுவோடு சேர்த்து அதையும் வக்கீல் கேட்டு வாங்கிவிட்டார். மருத்துவ ரெக்கார்டுகளின் நகல் செலவு மட்டும் எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அது நியாயம்.

ஃபெடரல் கோர்ட் என்றதும் இவரை வீல்சேரில் நெவார்க்குக்கோ டிரெண்டனுக்கோ கூட்டிப் போக வேண்டுமோ என்று கவலைப்பட்டேன். வேண்டியதில்லை. சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது. ஹியரிங்கில் இருந்த ரெக்கார்டை அரசாங்கத் தரப்பு கோர்ட்டில் கொடுக்கும். எங்களுடையது ஆயிரம் பக்கத்துக்கும் மேல். அதைப் படித்து நம் வக்கீல் பிரீஃப் எழுதுவார், அவர்கள் பதில் எழுதுவார்கள், நீதிபதி படித்து முடிவு சொல்வார். 2022 டிசம்பரிலிருந்து இந்த வழக்குகளுக்கென்றே நாடு முழுக்க ஒரே விதிகள் வந்துவிட்டன. ரெக்கார்டு வந்த 30 நாளில் நம் பிரீஃப் போக வேண்டும்.

அந்த பிரீஃபை நான் முழுக்கப் படித்தேன். காசு கொடுப்பது எதற்கு என்று அங்கேதான் புரிந்தது. ஏஎல்ஜே தீர்ப்பில் இரண்டு இடத்தைப் பிடித்திருந்தார். முதல் இடம், இவரைப் பல வருடமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரின் கருத்தை ஏஎல்ஜே ஒரே வாக்கியத்தில் தள்ளியிருந்தார். 2017 மார்ச்சுக்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில், மருத்துவர் கருத்துக்கு அவருடைய சொந்தப் பரிசோதனைகள் ஆதாரமாக இருக்கின்றனவா, மற்ற ரெக்கார்டுகளோடு அது ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் ஏஎல்ஜே விளக்கியே ஆக வேண்டும். விளக்கவில்லை. எம்ஆர்ஐ அறிக்கைகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, நடக்கும்போது கால் இழுக்கிறது என்று டாக்டர் எழுதியது எந்தப் பக்கம் என்று பக்க எண் பக்க எண்ணாக எடுத்து வைத்திருந்தார்.

இரண்டாம் இடம் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஹியரிங்கில் வேலை நிபுணர் என்று ஒருவர் போனில் சாட்சி சொன்னார். இவரால் செய்யக்கூடிய வேலை நாட்டில் இருக்கிறது என்று அவர் சொன்ன வேலைகளில் ஒன்று, கடித உறைகளில் முகவரி எழுதுவது. கையெழுத்தே நேராக வராத மனுஷனுக்கு, இன்று யாருமே கையால் செய்யாத ஒரு வேலை. அவர்கள் பார்த்துச் சொல்லும் வேலைப் பட்டியல் புத்தகம் கடைசியாகத் திருத்தப்பட்டது 1991இல். பழைய கம்பெனி ஆள் அந்த ஹியரிங்கில் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், இவர் தலையைக் குனிந்துகொண்டார். புது வக்கீல் அதை பிரீஃபில் அரைப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தபோது, யாரோ ஒருவர் எங்களுக்காகக் கோபப்பட்டிருக்கிறார் என்று இருந்தது. அப்புறம் 2024 ஜூனில் சோஷியல் செக்யூரிட்டியே பழைய பட்டியலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளை இனி ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்தது.

2024 தொடக்கத்தில் நீதிபதி வழக்கை ரிமாண்ட் செய்தார். அதாவது, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பணம் கொடு என்று கோர்ட் நேராக உத்தரவிடுவது அபூர்வம், பெரும்பாலும் ரிமாண்ட்தான். நிறையப் பேர் இதைத் தோல்வி என்று நினைத்துக் கலங்குகிறார்கள். சட்டப்படி இது வெற்றி. 1993இல் ஷேஃபர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அதனால் ரிமாண்ட் வந்ததுமே ஈஜா மனு போடலாம்; பிறகு புது ஹியரிங்கில் நாம் தோற்றாலும் அந்தப் பணம் வக்கீலுக்கு உண்டு. இதனால்தான் நல்ல வக்கீல்கள் நம் மாதிரி ஆட்களின் வழக்கைத் துணிந்து எடுக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு ஈஜா 7,400 டாலர் என்று அரசாங்க வக்கீலோடு பேசி முடித்தார்கள். 31 மணி நேர வேலை. இங்கே ஒரு விஷயம். 2010இல் ராட்லிஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஈஜா பணம் சட்டப்படி வக்கீலுக்கு இல்லை, வழக்குப் போட்டவருக்குத்தான் சொந்தம் என்று தீர்ப்பளித்தது. அவருக்கு ஃபெடரல் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய கடன் ஏதாவது பாக்கி இருந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பணத்தை வக்கீலுக்கு மாற்றித் தருகிறேன் என்று நம்மிடம் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதம் தனியாக வரும். பயப்பட வேண்டாம், வழக்கமானதுதான். ஆனால் 406 பி கட்டணம் வந்ததும் சிறிய தொகையைத் திருப்பித் தருவதாக அதிலேயோ ஒப்பந்தத்திலேயோ எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

புது ஹியரிங்குக்கும் இதே வக்கீல்தான் வந்தார். அங்கே வேலை நிபுணரை அவர் கேள்வி கேட்ட விதத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், மாதத்தில் எத்தனை நாள் லீவு போட்டால் முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்ற ஒரே கேள்வியில் விஷயம் முடிந்தது. 2024 அக்டோபரில் சாதகமான தீர்ப்பு வந்தது.

இப்போது கணக்கு. வேலை நின்ற பிறகு ஐந்து முழு மாதத்துக்கு டிசெபிலிட்டி பணம் கிடையாது, எனவே எங்களுக்குக் கணக்கு 2021 ஜூலையிலிருந்து. தீர்ப்பு வரை சராசரியாக மாதம் 2,200 டாலர், மொத்தம் 88,000. அதில் கால் பங்கு 22,000ஐ சோஷியல் செக்யூரிட்டி பிடித்து வைத்துக்கொண்டு 66,000ஐ இவர் கணக்கில் போட்டது. வக்கீல் கோர்ட்டில் 16,000 கேட்டு மனுப் போட்டார். ஹியரிங் வேலைக்கு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் 6,000. இரண்டும் அப்படியே அனுமதிக்கப்பட்டன. பிறகு 7,400 எங்களுக்குத் திரும்பி வந்தது. ஆகக் கடைசியில் எங்கள் கையிலிருந்து போனது 14,600. மொத்தத்தில் அது 17 சதவீதத்துக்கும் குறைவு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை, காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பிடித்து வைத்த பணத்திலிருந்து வக்கீலுக்கு அனுப்பும்போது சோஷியல் செக்யூரிட்டி ஒரு சேவைக் கட்டணம் எடுத்துக்கொள்ளும். அது வக்கீல் பணத்திலிருந்துதான், நம் தலையில் கட்டக் கூடாது.

31 மணிக்கு 16,000 என்றால் மணிக்கு ஐந்நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல். அதிகம்தானே என்று என் தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோர்ட்டில் தோற்றிருந்தால் அந்த மணி நேரங்களுக்கு அவருக்கு எதுவுமே இல்லை. தோற்கிற வழக்குகளின் செலவையும் ஜெயிக்கிற வழக்குகள்தான் தாங்க வேண்டும். இதைப் பார்க்க நீதிபதியும் இருக்கிறார். 2002இல் கிஸ்பிரெக்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒப்பந்தத்தில் போட்ட சதவீதத்திலிருந்து ஆரம்பி, பிறகு அந்தத் தொகை செய்த வேலைக்கு நியாயமானதா என்று சோதி. வக்கீலே வழக்கை இழுத்தடித்து நிலுவையை வளரவிட்டிருந்தாலோ, கொஞ்ச நேர வேலைக்குக் கொழுத்த தொகை வந்தாலோ நீதிபதி குறைக்கலாம். அந்த மனுவின் நகல் எங்களுக்கும் வந்தது. பிடிக்கவில்லையென்றால் நாமும் நீதிபதிக்கு எழுதலாம். சோஷியல் செக்யூரிட்டி தரப்பும் நோயாளியின் பணத்துக்குக் காவலாளி மாதிரி இந்தக் கட்டத்தில் தன் கருத்தைச் சொல்கிறது.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், ஈஜாவையும் திருப்பித் தருவதையும் பற்றி வாய்விட்டு அவர்கள் முதலில் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது உண்மை. ஆனால் நோயோடு போராடுகிற ஒரு குடும்பம் மூன்று பக்கச் சட்ட ஆங்கிலத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம்.

இரண்டரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். எவ்வளவு பணம் வரும் என்று சொல்கிற அவார்ட் நோட்டீஸ் தபாலில் வந்த அன்றே நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். நியூஜெர்சி அடங்கிய மூன்றாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் கோர்ட் வட்டாரத்தில், அந்த நோட்டீஸ் தெரிய வந்த 14 நாளில் வக்கீல் கட்டண மனுவைப் போட்டாக வேண்டும். அவர்கள் அதைச் சரியாகப் போட்டார்கள். ஆனால் 16,000 கோர்ட் உத்தரவுப்படி அவர்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, எங்களுக்கு வர வேண்டிய 7,400 பற்றிப் பேச்சே இல்லை. போன் செய்தால் வக்கீலின் உதவியாளரான பாராலீகல் பெண், "அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார், திரும்பக் கூப்பிட மாட்டார். கடைசியில் நீதிபதியின் உத்தரவில் அந்தத் தொகையை வாதியிடம் திருப்பித் தர வேண்டும் என்றிருந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, தேதியோடு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வக்கீல் அம்மாவே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், காசோலை அந்த வாரமே வந்தது. ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது நூறு ஃபைலில் ஒன்று, எங்களுக்கு அது ஹால்வேயில் கைப்பிடி, பாத்ரூமில் இருக்கை, வாசலில் சாய்தளம். காத்திருக்க வைக்கக் கூடாத பணம்.

இவ்வளவு குறையோடும் இவர்களை நான் பரிந்துரைக்கிறேன். தனியாகச் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கோர்ட் கட்டத்தில் வேண்டாம். ஆயிரம் பக்கத்தில் எந்த வாக்கியம் சட்டப் பிழை என்று கண்டுபிடிப்பது நம்மால் ஆகிற வேலை இல்லை. பணத்தைவிடப் பெரிதாக, டிசெபிலிட்டி பணத்துக்குத் தகுதியான 24 மாதம் கழிந்தவர்களுக்கு மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு உண்டு. எங்களுக்குத் தீர்ப்பு வந்தபோது அந்தக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்ததால் கார்டு சீக்கிரமே வந்துவிட்டது. இவருடைய ஊசி மருந்தின் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

வக்கீல் எங்கே தேடுவது என்றால், இந்தத் துறை வக்கீல்களுக்கு நாஸ்கர் என்று தேசிய சங்கம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். வருமானம் குறைவு என்றால் எடிசனிலேயே இருக்கிற லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூஜெர்சியில் விசாரித்துப் பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் உங்கள் கணக்கில் பணம் வரலாம். அந்த நிலுவையையும் சேர்த்துத்தான் 25 சதவீதக் கணக்கு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். எச்1பி விசாவில் வந்து வரி கட்டினவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று ஒரு வதந்தி உலவுகிறது. போதுமான வருடங்கள் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டி, சட்டப்படி இங்கே வசித்தால் விண்ணப்பிக்கலாம். அதே சமயம், இந்தியாவில் வேலை பார்த்த வருடங்களைச் சேர்த்துக்கொள்ள இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை.

கணக்கு பார்க்கிறவள் என்பதால் வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை எந்த வக்கீலும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஜனவரியில் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து எஸ்எஸ்ஏ 1099 என்ற வருமானப் படிவம் வரும். அதில் வக்கீலுக்குப் போன பணமும் உங்கள் வருமானமாகவே இருக்கும். 2018 முதல் அந்தக் கட்டணத்தைத் தனியாகக் கழிக்க வழியில்லை. ஆனால் பல வருட நிலுவை ஒரே வருடத்தில் வந்தால், அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் கணக்குப் போட்டு, எது குறைவோ அந்த வரியைக் கட்ட வரித்துறையான ஐஆர்எஸ் அனுமதிக்கிறது. 915 என்ற வெளியீட்டில் அதற்கான ஒர்க்ஷீட் இருக்கிறது. வரி போடுகிறவரிடம் "லம்ப்சம் எலெக்ஷன்" என்று சொன்னால் புரியும். பழைய வருட ரிட்டர்ன்களைத் திருத்த வேண்டியதில்லை, எடுத்துக் கையில் வைத்திருந்தால் போதும்.